சொட்டாத சன்னல்

சஹமில் ஆகஸ்ட் மாதம்
காலி வீட்டைக் கண்டுபிடிக்க
பலகை தேடக் கூடாது.
தரையைப் பார்க்க வேண்டும்.

ஆள் இருக்கும் சன்னலுக்குக் கீழே
ஏசி சொட்டிச் சொட்டி
சிமெண்டில் ஒரு கறுப்பு வட்டம்,
விளிம்பில் கொஞ்சம் பாசி,
சில இடங்களில் ஒரு பூனை.
காய்ந்திருந்தால்
மேலே யாரும் இல்லை என்று அர்த்தம்.
இதைச் சொன்னவன் ஷம்சீர்.
தரகுக்கு இருபது ரியால் வாங்கிக்கொண்டு
வேறெதுவும் சொல்லவில்லை.

ஆய்வகத்திலிருந்து திரும்பும் இரவுகளில்
குனிந்தபடி நடந்தேன்.
எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து
ஷவர்மா கடைப் பையன்
செல்போன் வெளிச்சம் அடித்தான்.

மீன் சந்தைக்குப் பின்னால் ஒரு காய்ந்த தரை.
நூற்று முப்பது.
கம்பெனி தரும் வாடகைப் படி எழுபது.
மிச்சம் அறுபது
எந்தச் சன்னலிலிருந்து சொட்டும்?
ரவுண்டானா பக்கம் இன்னொன்று,
தொண்ணூறுதான்,
ஆனால் மீட்டர் ஆட்டுக்கொட்டிலோடு பொது.
"ஆடுகளுக்கும் ஏசியா?" என்றேன்.
வீட்டுக்காரர் கல்ஃபான் சிரிக்காமல் சொன்னார்,
"மின்விசிறி மட்டும்."

மூன்றாவதில் எல்லாம் கூடி வந்தது.
முன்பணத்தை இரண்டு முறை எண்ணினார்கள்.
ஒப்பந்தம் மட்டும் எழுத மாட்டார்களாம்.
பலதியா முத்திரை விழாத வீட்டில்
நான் இருக்கலாம்.
பிலோமியும் அனிலாவும் இருக்க முடியாது.

கம்பெனிக் குடியிருப்பில் எட்டு வீடுகள்.
படியை விட்டுக்கொடுத்தால் போதும்,
கரண்டும் அதில் அடக்கம்.
வரிசையில் என் எண் ஆறு.
"எப்போது கிடைக்கும்?"
அலுவலகத்து சுலைஹா
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"யாராவது போனால்."

அன்றிலிருந்து கேன்டீனில்
கேக் வெட்டும் சத்தம் எனக்குக் கேட்கத் தொடங்கியது.
கேக் வெட்டுவதில் என்ன சத்தம்?
கேட்டது.
பல் மருத்துவர் ஊருக்குப் போனார், ஐந்து.
வார்டு மேற்பார்வையாளர் குவைத்துக்கு மாறினார், நான்கு.
ஒருமுறை க்ரீம் ரோஜா
என் துண்டில் வந்தது.
"முகத்தில் என்ன இவ்வளவு சந்தோஷம்"
என்று யாரோ கேட்டார்கள்.
இனிப்பு பிடிக்கும் என்றேன்.

பிலோமி வீடியோவில் வருவாள்.
துணி காய வெயில் வருமா,
அனிலாவின் சைக்கிளை எங்கே நிறுத்துவது.
ஆறு கட்டில் அறையில்
கீழ்க்கட்டில் திரையை இழுத்துவிட்டு
"மாடி வீடு, காற்று வரும்" என்று கிசுகிசுப்பேன்.
மேல்கட்டிலில் பிச்சைக்கனி சிரிப்பான்.
இரும்புக் கட்டில் ரெண்டு பேரையும் சேர்த்து ஆட்டும்.

மறு ஆகஸ்டில்
எக்ஸ்ரே பிரிவு சாலமோன் ஞானையாவுக்கு
ஒப்பந்தம் நீட்டவில்லை.
அவருக்குக் கேக் இல்லை.
சாவியை ஒரு உறையில் போட்டுத் தந்தார்கள்.
உறைமேல் அவர் பெயரை அடித்துவிட்டு
என் பெயரை எழுதியிருந்தது,
ஒரே பேனா.

வீட்டில் குறை என்று பெரிதாக இல்லை.
குளியலறைக் கதவு முழுசாய்ச் சாத்தாது.
அடுப்பு மேடையில் கால் டப்பா ஏலக்காய்
விட்டுப்போயிருந்தார்.
பிலோமி திறந்து முகர்ந்தாள்.
"யாருடையது?"
"கம்பெனியுடையது" என்றேன்.
பாயசத்தில் போட்டாள்.

நேற்று அனிலா தூங்கிய பிறகு
சன்னலுக்கு வந்தேன்.
கீழே எங்கள் வட்டம்
ஒரு சாப்பாட்டுத் தட்டளவு ஆகியிருக்கிறது.
தெருவில் ஒருவர்
குனிந்தபடி வந்தார்.
எங்கள் ஈரத்தருகே நின்றார்.
செருப்பு நுனியால் தொட்டுப் பார்த்தார்.
மேலே நிமிரவில்லை.
நிமிர்ந்தால் தெரிந்த முகமாக இருக்குமோ என்று
நான் கொஞ்சம் பின்னால் நகர்ந்தேன்.

அடுத்த சன்னலுக்குப் போனார்.
அங்கும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது.